எழுந்து நிற்கச் சொன்ன வகுப்பறை
தமிழ்த் தன்வரலாறுகளும் மான்குர்த் பிள்ளைகளும்: ஒரு வாசிப்பு

பள்ளிப் பிள்ளைகளின் மனநலம் பற்றி இன்று நிறையப் பேசப்படுகிறது. ஆங்கிலத்தில் 'ட்ராமா இன்ஃபார்ம்ட் ஸ்கூலிங்' என்று வழங்கும் கொள்கை நம் பேட்டைப் பள்ளிகளின் வாசல்வரை வந்துவிட்டது. தமிழில் இதை 'மனவடு அறிந்த கல்வி' என்று சொல்லலாம். ஒரு பிள்ளை வகுப்பில் முரண்டு பிடித்தாலும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் கல்லாக நின்றாலும், 'இவனுக்கு என்ன கொழுப்பு?' என்று கேட்பதுதான் நம் பழக்கம். 'இவனுக்கு என்ன நேர்ந்தது?' என்று கேட்கப் பழகிய பள்ளியே மனவடு அறிந்த பள்ளி. கொள்கையின் சாரம் இவ்வளவுதான்.

'மனவடு' என்பது ஈழத்து உளநல எழுத்தில் ஏற்கெனவே பழகிப்போன சொல். யுத்தம் பிள்ளைகளின் மனத்தில் விட்டுச்சென்றதைச் சொல்ல அங்கே அது தேவைப்பட்டது. வள்ளுவரும் தீயால் வந்த காயத்தையும் நாவால் வந்த காயத்தையும் பிரித்துப் பேசும்போது, ஆறாத இரண்டாவதற்கு 'வடு' என்றே பெயர் வைக்கிறார். ஆக, பள்ளியில் உண்டாகும் காயத்தைக் குறிக்கத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. அந்தக் காயத்தைப் பற்றிய எழுத்தும் நம்மிடம் உண்டு.

இது மருத்துவக் கட்டுரை அன்று. பள்ளி அனுபவத்தைச் சொல்லும் இரண்டு தமிழ்த் தன்வரலாறுகளையும், நம் குடும்பங்களுக்கு அறிமுகமான ஒரு படத்தையும், தமிழில் கிடைக்கும் ஒரு ஜப்பானிய நூலையும், மான்குர்தில் பொதுவாழ்வைத் தொடங்கிய ஒரு தமிழரின் வாக்குமூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்த்திருக்கிறேன். வடு எப்படி உண்டாகிறது என்று காட்டுகிற அளவுக்கு, பள்ளியில் அது எப்படி ஆறக்கூடும் என்று இவை காட்டுகின்றனவா என்பதே என் கேள்வி.

இடிப்புக் காலமும் பரீட்சைக் காலமும்

நூல்களுக்குப் போவதற்கு முன் இடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஹார்பர் லைனில் வாஷிக் கடற்கழிப் பாலத்துக்கு முன்னால் வரும் கடைசி ஸ்டேஷன் மான்குர்த். நகரம் தனக்கு வேண்டாம் என்று நினைத்ததையெல்லாம் கொண்டுவந்து தள்ளிய திசை இது. பக்கத்திலேயே தேவனார் குப்பைமேடு. 1927 முதல் இருக்கிறது. குப்பைக்குப் பின்னால் மனிதர்களும் வந்தார்கள்.

மான்குர்தில் ஜனதா காலனி என்று ஒரு பெரிய குடியிருப்பு இருந்தது. தமிழர் நிறைய. அந்தக் குடியிருப்பே நகருக்குள்ளிருந்து முன்னர் அப்புறப்படுத்தப்பட்டவர்களை வைத்து உருவானது. 1976 மே மாதம், நெருக்கடிநிலைக் காலத்தில், அந்த இடம் பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்குத் தேவை என்று சொல்லி அதைக் காலிசெய்தார்கள். சுமார் 70,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்கள் கொண்டுபோய் விடப்பட்ட இடம்தான் இன்றைய சீத்தா கேம்ப். நம் சங்கத்துக் குடும்பங்களில் சிலவற்றின் பாட்டி தாத்தாக்கள் அந்த மே மாதத்தைத் தங்கள் கண்ணால் பார்த்தவர்கள்.

பிறகு 2004 டிசம்பரில் தொடங்கி 2005 தொடக்கம்வரை மும்பை முழுக்க 80,000க்கு மேற்பட்ட குடிசைகள் இடிக்கப்பட்டதாகக் கணக்கு. மான்குர்தின் மண்டாலா பகுதியும் அதில் அடங்கும். அதே காலகட்டத்தில், ரயில்பாதை ஓரத்திலும் சாலை ஓரத்திலும் இருந்த குடும்பங்களை லல்லுபாய் காம்பவுண்ட் போன்ற மாற்றுக் குடியிருப்புகளுக்குக் கொண்டுவந்தார்கள். வீடு கிடைத்தது, பள்ளி, வேலை, அக்கம்பக்கம் மூன்றும் மாறிப்போயின.

இதில் ஒரு விஷயத்தைப் பெற்றோர் கவனித்திருப்பார்கள். மழைக்காலத்தில் வீட்டை இடிப்பதில்லை என்று மராட்டியத்தில் ஒரு நடைமுறை உண்டு. நல்ல நடைமுறைதான். ஆனால் அதன் விளைவாக, மழை விட்ட பிறகு, குளிர்காலத்திலிருந்து மே மாதம்வரை இடிப்புக் காலம். பள்ளிக்கு அதுவே பரீட்சைக் காலம். பத்தாம் வகுப்புப் பரீட்சை பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. பிப்ரவரியில் வீடு போன பிள்ளை மார்ச்சில் குறைந்த மார்க் வாங்கினால், அதைப் 'படிப்பில் கவனமின்மை' என்று ரிப்போர்ட் கார்டில் எழுதுவது எத்தனை சுலபம்!

மான்குர்தில் மாலை வேளையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஒரு சிறிய வகுப்பில் நான் வாரத்தில் மூன்று நாள் உதவி செய்கிறேன். அங்கே ஐந்தாவது படிக்கும் ஒரு பையன், இருக்கிற புத்தகம், நோட்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தினமும் சுமந்துகொண்டு வருவான். "ஏண்டா, இன்னிக்குக் கணக்கு மட்டும்தானே, எதுக்கு இத்தனை பாரம்?" என்று கேட்டேன். "வீட்ல வெச்சா இருக்குமான்னு தெரியாது சார்" என்றான். இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அவன் வீடு இடிபட்டது. அன்று அவன் புத்தகமும் மண்ணுக்குள் போய்விட்டது. இதே பைக்காகப் பள்ளியில் அவனுக்குக் கிடைத்த பட்டப்பெயர் 'ஹமால்'. அதை வைத்தது பிள்ளைகள் இல்லை, ஆசிரியர்.

அந்தப் பையன் செய்வது நோய் இல்லை. நடந்ததை நினைவில் வைத்துக்கொண்டு அவன் தனக்குத்தானே செய்துகொண்ட ஏற்பாடு. அதைக் கேலியாக்கிய வார்த்தைதான் புதிய காயம். இந்த வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு நூல்களைப் பார்ப்போம்.

'கருக்கு': கடிதம் கிடைத்த பிறகு

பாமாவின் 'கருக்கு' 1992இல் வெளிவந்தது. அதில் பலரும் மேற்கோள் காட்டும் ஒரு பள்ளி நிகழ்ச்சி உண்டு. பள்ளி முடிந்து பிள்ளைகள் தென்னைமரத்தில் ஓடி ஏறித் தொட்டு விளையாடுகிறார்கள். இவள் தொட்டபோது ஓர் இளங்காய் கீழே விழுந்துவிடுகிறது. மறுநாள் பிள்ளைகள் எல்லாரும் கூடி நிற்கும் இடத்தில் தலைமையாசிரியர் இவளைத் திருடி என்கிறார். இவள் சாதியையும் தெருவையும் இழுத்துப் பேசுகிறார். வகுப்புக்குள் வரக்கூடாது என்கிறார். பாதிரியாரிடம் ஓடினால், அந்தத் தெருப் பிள்ளைதானே, செய்திருப்பாய் என்கிற தொனியில்தான் அவரும் பேசுகிறார். ஆனாலும் கடிதம் கொடுக்கிறார். கடிதத்தோடு போனதும் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இந்த இடத்தைச் சாதிக்கொடுமைக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவதோடு பெரும்பாலான விமர்சனங்கள் நின்றுவிடுகின்றன. அது சரியான வாசிப்புதான். பள்ளியின் பக்கமிருந்து படித்தால் இன்னொன்றும் தெரிகிறது. கடிதம் வந்ததும் நிர்வாகத்தைப் பொறுத்தவரை விவகாரம் முடிந்தது. பிள்ளைக்கு அப்போதுதான் அடுத்த கஷ்டம் ஆரம்பிக்கிறது. அவள் அழுதுகொண்டே வகுப்புக்குள் நுழையும்போது அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். உடம்பைக் குறுக்கிக்கொண்டு போய் உட்காருகிறாள். பழி எல்லார் முன்னிலையிலும் சுமத்தப்பட்டது. அதை எல்லார் முன்னிலையிலும் இறக்கிவைக்கப் பெரியவர் ஒருவரும் முன்வரவில்லை. உள்ளே அனுமதித்தது பள்ளியின் கணக்கில் நியாயம். அவள் கணக்கில் பாதிகூட இல்லை.

நூலின் மொழியும் இதோடு தொடர்புடையது. 'கருக்கு' பேச்சுத்தமிழில் எழுதப்பட்டது. கட்டுரை நோட்டில் அப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பார்கள். பிள்ளை எந்த மொழியில் அடிபட்டதோ அந்த மொழியில்தான் அதைச் சொல்லவும் முடியும் என்பதற்கு இந்த நூலே சாட்சி. நம்ம பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், சந்தில் ஹிந்தி, பள்ளியில் மராத்தியோ ஆங்கிலமோ. "என்ன நடந்தது, சொல்லு" என்று கேட்கும் ஆலோசகர் எந்த மொழியில் கேட்கப்போகிறார்? மனவடு அறிந்த கல்வி பற்றிய கூட்டங்களில் இந்தக் கேள்வியை யாரும் எழுப்பி நான் கேட்டதில்லை. மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்திவருகிறது. தாய்மொழிப் பள்ளி தேயத் தேய, தன் கதையைத் தன் பேச்சில் சொல்லும் இடமும் பிள்ளைக்குத் தேய்கிறது.

'வடு': நல்ல எண்ணத்தில் வந்த காயம்

கே. ஏ. குணசேகரனின் 'வடு' 2005இல் வந்தது. நாட்டுப்புறப் பாடகராகவும் ஆய்வாளராகவும் நாம் அறிந்த குணசேகரன் 2016இல் மறைந்தார். மேடையில் அவர் குரலைக் கேட்டவர்களுக்கு, அதே மனிதர் வகுப்பறையில் கூனிக்குறுகி நின்றவர் என்று நம்புவது கடினம்.

இந்நூலில் வரும் உதவித்தொகை நிகழ்ச்சியைக் 'கருக்கு' நிகழ்ச்சியோடு ஒப்பிட வேண்டும். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுப்பதற்காகச் சாதிப் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொல்கிறார்கள். இங்கே யாரும் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. அரசாங்கம் உதவி செய்கிறது. குமாஸ்தா பட்டியல் எடுக்கிறார். ஆனாலும் எழுந்து நிற்கிற பிள்ளைக்கு அந்தச் சில நிமிடங்கள் ஆயுளுக்கும் மறக்கவில்லை. 'கருக்கில்' காயம் கெட்ட எண்ணத்திலிருந்து வந்தது. 'வடு'வில் ஒரு நல்ல திட்டத்தை நடத்திய முறையிலிருந்து வந்தது. இரண்டிலும் பொதுவானது, நாற்பது ஜோடிக் கண்களுக்கு முன் ஒரு பிள்ளையைத் தனியே நிறுத்தியது.

மனவடு அறிந்த கல்விக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். "வீடு இழந்த பிள்ளைகள் கை தூக்குங்க, உங்களுக்குக் கவுன்சலிங் இருக்கு" என்று ஒரு நல்ல ஆசிரியை சொல்லிவிட்டால் போதும். குணசேகரனின் குமாஸ்தா திரும்பி வந்துவிடுவார். உதவி வரும் வழியே பிள்ளையை அடையாளம் காட்டிவிடும் என்றால், பிள்ளை உதவியே வேண்டாமென்று ஒளிந்துகொள்ளும். அப்படி ஒளிந்துகொள்ளும் பிள்ளைகள் மான்குர்தில் உண்டு.

குணசேகரன் காட்டும் இன்னொன்று, இடம். முஸ்லிம்கள் நிறைந்த இளையான்குடியில் அவரால் ஓரளவு இயல்பாக நடமாட முடிந்தது. மாரந்தை போன்ற கிராமத்துக்குப் போனால் அதே பையன் வேறு பையனாக நடந்துகொள்ள வேண்டும். பிள்ளை ஒன்றுதான், சுற்றியிருப்பவர்கள்தான் மாறினார்கள். வடு பிள்ளைக்குள் மட்டும் இருப்பதன்று, சுற்றியிருப்பவர்களின் நடத்தையால் கூடவும் குறையவும் கூடியது என்ற கருத்துக்கு, எந்த உளவியல் பாடநூலையும்விட இந்த இரண்டு ஊர்கள் நல்ல விளக்கம்.

எனினும் இவ்விரு நூல்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. இரண்டும் காயம் பட்ட நாளைத் துல்லியமாகச் சொல்கின்றன. மறுநாளை, அதற்கு மறுவாரத்தை அப்படிச் சொல்வதில்லை. அந்தப் பிள்ளை எப்படித் தொடர்ந்து பள்ளிக்கு வந்தாள், பக்கத்தில் உட்கார்ந்த தோழி என்ன சொன்னாள், எந்த ஆசிரியரின் எந்தச் செய்கை கொஞ்சம் ஆறுதல் தந்தது என்பவை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. பாமாவே பிற்பாடு ஆசிரியை ஆனவர் என்பதால் இந்த எதிர்பார்ப்பு எனக்குக் கூடுதலாகவே இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்நூல்களை எழுதியவர்கள் பள்ளியைத் தாண்டி வந்தவர்கள். தென்னைமரச் சம்பவத்தோடு படிப்பை நிறுத்திவிட்ட பிள்ளை புத்தகம் எழுதவில்லை.

மீட்க வந்தவரும் ஏற்பாடு செய்தவரும்

காயத்துக்குப் பிறகு என்ன என்ற கேள்விக்கு 2007இல் வந்த 'தாரே ஜமீன் பர்' ஒரு பதில் சொன்னது. நம் வீடுகளில் அம்மா, அப்பா, பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து அழுதுகொண்டே பார்த்த படம். மும்பைப் பையன் இஷான் படிக்க முடியாமல் தவிக்கிறான். விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டு வாடிப்போகிறான். ஓவிய ஆசிரியர் நிகும்ப் வந்து அவன் குறைபாட்டுக்குப் பெயர் சொல்லி அவனை மீட்கிறார். பெற்றோர் பலருடைய கண்ணைத் திறந்த படம் என்பதில் சந்தேகமில்லை.

அதன் பதில் மான்குர்துக்குப் போதாது. அங்கே எல்லாம் ஒரே ஓர் ஆசிரியரின் வருகையில் தொங்குகிறது. அவர் போய்விட்டால் அந்தப் பள்ளி பழையபடி ஆகாது என்பதற்கு உத்தரவாதமில்லை. மேலும், பிள்ளை கடைசியில் ஓவியப் போட்டியில் ஜெயித்தாக வேண்டியிருக்கிறது. ஜெயிக்கும்படியான எந்தத் திறமையும் இல்லாத, சாதாரணமான பிள்ளைக்கு மரியாதை எங்கிருந்து வரும்? வீடு இடிபட்டது என்பதற்கு மருத்துவப் பெயரும் கிடையாது; டாக்டர் சீட்டில் எழுதிப் பள்ளியில் காட்ட முடியாது.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு, நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் வெளியிட்டிருக்கும் 'டோட்டோ-சான்'. டெட்சுகோ குரோயநாகி தன் பள்ளிப் பருவத்தைப் பற்றி 1981இல் எழுதிய நூல். தெருப் பாடகர்களை வகுப்பு ஜன்னலிலிருந்து கூப்பிட்டுத் தொல்லை கொடுத்தவள் என்று முதல் பள்ளி அவளை வெளியே அனுப்பிவிட்டது. டோமோயி பள்ளித் தலைமையாசிரியர் கோபயாஷி, முதல் நாளே அவள் பேச்சை நான்கு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார். எல்லாரும் சிலாகிப்பது இந்த நான்கு மணி நேரத்தை. நெரிசலான வகுப்பை வைத்துக்கொண்டிருக்கும் நகராட்சி ஆசிரியையிடம் போய் இதைச் சொன்னால் அவர் சிரிப்பார், சிரிப்பது நியாயமும்கூட.

கோபயாஷியின் வேறு இரண்டு செயல்களுக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. ஒன்று, மதியச் சாப்பாட்டில் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் இருந்தால் போதும் என்ற விதி. பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. எளிய வீட்டுப் பிள்ளையின் டப்பாவும் அந்த விதிக்குள் அடங்கிவிடும், யாரும் கூச வேண்டியதில்லை. இரண்டு, விளையாட்டு விழாப் போட்டிகளை, வளர்ச்சி குன்றிய தகாஹாஷி என்ற சிறுவனுக்குச் சாதகமாகும்படி அமைத்தது. அவனைத் தனியே கூப்பிட்டு யாரும் பரிவு காட்டவில்லை. எல்லாருக்கும் பொதுவான போட்டியில் அவனே முதலாவதாக வந்தான். குணசேகரனின் பள்ளியில் நடந்ததற்கு நேர் எதிர் இது. அங்கே உதவி ஒருவனைத் தனியே நிறுத்தியது. இங்கே உதவி எல்லாருக்குமான ஏற்பாட்டுக்குள் கரைந்துபோனது. காயம் வகுப்பின் முன்னிலையில் உண்டாகிறது என்றால், ஆறுதலும் வகுப்பு முழுவதற்குமான ஏற்பாட்டின் வழியே வர வேண்டும் என்று இந்த நூல்களைச் சேர்த்துப் படித்ததில் நான் முடிவுக்கு வந்திருக்கிறேன். டோமோயி 1945இல் குண்டுவீச்சில் எரிந்துபோனது. அந்த ஏற்பாடுகள் நினைவில் நின்றதால்தான் நமக்குப் புத்தகம் கிடைத்தது.

குப்பை சுமந்த பிள்ளைகள்

இப்படிப்பட்ட ஏற்பாடு ஜப்பானில்தான் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். நம் மான்குர்திலேயே, ஜனதா காலனியில், நடந்திருக்கிறது. கோலார் தங்கவயலிலிருந்து 1963இல் பிழைப்புத் தேடி பம்பாய்க்கு வந்த தச்சுத் தொழிலாளி ஜோக்கின் அற்புதம் அங்கே தங்கினார். பிற்பாடு தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பைக் கட்டியவர். 2000இல் மகசேசே விருது, 2011இல் பத்மஸ்ரீ பெற்றவர். 2018 அக்டோபரில் காலமானார். தன் ஆரம்ப நாட்களைப் பற்றி 2008இல் ஆங்கிலத்தில் விரிவாக எழுதியிருக்கிறார்.

அந்த வாக்குமூலத்தில் அவருடைய பொதுவாழ்வு பிள்ளைகளிடமிருந்து தொடங்குகிறது. முதலில் பிள்ளைகளைச் சேர்த்துப் பாட்டு. பிறகு முறைசாராப் பள்ளி. காலனியில் குப்பை அள்ள மாநகராட்சி வருவதில்லை. பிள்ளைகளைப் பிக்னிக் போவதுபோல் அணிதிரட்டி, ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு போய் மாநகராட்சி அலுவலகத்து முன்னால் கொட்டச் செய்கிறார். அதற்குப் பிறகு அதிகாரிகள் காலனிப் பக்கம் எட்டிப்பார்க்க வேண்டியதாயிற்று.

இதை நாம் வழக்கமாகப் போராட்டக் கதையாகப் படிக்கிறோம். பள்ளிக் கதையாகவும் படிக்கலாம். குப்பையில் வாழ்கிறவன் என்ற இழிவை, பிள்ளை தனியே சுமந்தால் அது வடு. எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து, பாட்டோடு, பகலில் தூக்கிக்கொண்டு போய் அதற்குப் பொறுப்பானவர் வாசலில் வைத்தால் அதன் எடை குறைகிறது. 'உனக்கு என்ன நேர்ந்தது?' என்ற கேள்வியை மட்டும் கேட்டு நிறுத்தாமல், 'இதற்கு யார் பொறுப்பு?' என்பதையும் அந்தப் பள்ளி பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தது. பிள்ளைகளைப் போராட்டத்துக்கு இறக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், பிள்ளைக்கு ஆபத்து வரக்கூடிய இடத்தில் பதில் 'கூடாது' என்பதே. ஆனால் தன் தெருவைப் பற்றித் தலைநிமிர்ந்து பேசக் கற்பது ஆபத்தில் சேராது.

பட்டியலும் சட்டமும்

இனி இன்றைய திட்டங்களைப் பார்ப்போம். சிறுவயதுத் துன்பம் பற்றிய இன்றைய பேச்சுக்கெல்லாம் அடிப்படையானது 1998இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. கலிஃபோர்னியாவில் இரண்டு சுற்றுகளில் 17,000க்கு மேற்பட்டவர்களிடம் கேட்டு, சிறுவயதில் பட்ட துன்பத்துக்கும் பிற்கால நோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. மகத்தான வேலை. ஆனால் அதன் பட்டியலைப் பாருங்கள்: பிள்ளைக்கு இழைக்கப்படும் வன்கொடுமை, வீட்டில் குடி, தாய் அடிபடுவது, குடும்பத்தில் ஒருவர் சிறை செல்வது. எல்லாம் வீட்டுக்குள் நடப்பவை. வீடே போவது அந்தப் பட்டியலில் இல்லை. அதை அப்படியே மான்குர்துக்குக் கொண்டுவந்தால், ஏழைப் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்குத்தான் பயன்படும்.

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரத்தின் 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' நூலும் அதே 1998இல் வந்தது. தனிமனிதர் மட்டுமன்றி, குடும்பமும் ஊரும் ஒரு முழுமையாக அடிபடுகின்றன என்பதை அவர் தொடர்ந்து எழுதிவந்திருக்கிறார். வடகிழக்கில் ஆசிரியர்களுக்கே ஆலோசனைப் பயிற்சி கொடுத்துப் பள்ளிகளில் பணியாற்ற வைத்தார்கள். பிள்ளை அறிந்த முகம், பிள்ளை பேசும் மொழி. நமக்கு அமெரிக்கப் பட்டியலைவிட இந்த அனுபவமே நெருக்கமானது. யுத்தமும் இடிப்பும் ஒன்றல்ல என்பதை மறக்காமல்தான் சொல்கிறேன்.

சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. 'ஹமால்' என்ற பட்டப்பெயர் அந்தப் பிரிவுக்குள் வரும் என்பது என் வாதம். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிலையங்களில் தகுதிபெற்ற ஓர் ஆலோசகரையாவது நியமிக்க வேண்டும் என்றும், மாணவரைப் பலர் முன்னிலையில் அவமானப்படுத்தக் கூடாது என்றும் வழிகாட்டு நெறிகள் வகுத்தது. பள்ளிகள் முதல் பாதியை மட்டும் நிறைவேற்றிவிட்டு, அறைக்கதவில் பலகை மாட்டி முடித்துக்கொள்ளுமோ என்பதே என் பயம். பாமாவையும் குணசேகரனையும் படித்தவர்களுக்கு இரண்டாம் பாதியின் கனம் தெரியும்.

நம் பங்கு

பள்ளியை மட்டும் சொல்லிவிட்டு நாம் நழுவிவிட முடியாது. "வெளியில சொல்லாதே, மானம் போயிடும்" என்று பிள்ளையின் வாயை முதலில் அடைப்பது நம் வீடுகள்தான். மாட்டுங்கா, செம்பூர் வீடுகளிலும் பிள்ளைகள் மார்க் ஷீட் நாளன்று இதே மௌனத்தில் நிற்கிறார்கள், காரணம்தான் வேறு.

செய்யக்கூடியவை சில உண்டு, எல்லாம் சிறியவை. சங்கத்தின் சார்பில் மாலை வகுப்பு நடத்தும் இடங்களில், எல்லாப் பிள்ளைகளுக்கும் பூட்டோடு ஒரு தட்டு கொடுக்கலாம். வீடு இழந்தவர்களுக்கு மட்டும் என்று பிரிக்காமல் எல்லாருக்கும். இடிப்பு நடந்த வாரத்தில் சீருடை, புத்தகம் பற்றிக் கேள்வி கேட்பதில்லை என்று பள்ளிகளோடு பேசி ஒப்புக்கொள்ளச் செய்யலாம். ஆசிரியர் மாறினாலும் நேரம் மாறாமல் வகுப்பு நடக்க வேண்டும். எல்லாம் மாறிப்போன பிள்ளைக்கு மாறாத ஒன்று பெரிய பிடிமானம். அவசரத்துக்கு 1098 இருக்கிறது; மான்குர்துக்குப் பக்கத்தில், தேவனாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணியாக 1996இல் தொடங்கிய சிறுவர் உதவி எண் அது. மனநல உதவிக்கு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம்.

விமர்சகன் என்ற முறையில் எனக்கு இன்னொரு வேண்டுகோளும் உண்டு. 1976 மே மாதத்தில் ஜனதா காலனியில் பிள்ளையாக இருந்தவர்களுக்கு இன்று வயது அறுபதை ஒட்டி இருக்கும். அந்த ஜூனில் அவர்கள் எந்தப் பள்ளிக்குப் போனார்கள், முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்தது யார், எந்த ஆசிரியர் என்ன சொன்னார் என்பதைப் பிள்ளையின் பக்கமிருந்து சொல்லும் ஒரு தமிழ் நூல் என் வாசிப்பில் இதுவரை கண்ணில் படவில்லை. தன்வரலாறுகள் விட்டுவிட்ட அந்த மறுநாள் அவர்களிடம்தான் இருக்கிறது. அவர்கள் பேரன் பேத்திகள் நம் வகுப்புகளில் படிக்கிறார்கள். அடுத்த மலருக்குள் ஐந்து பேரையாவது பேசவைத்து, அவர்கள் பேசும் தமிழிலேயே எழுதிவாங்கும் வேலையைச் சங்கத்து இளைஞர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.